ஏரிக்குள் போன ப்யூக்கும் ஏழாம் கேள்வியும்

ஆல்டர் லேக், மினசோட்டா
10 ஜூன் 1996

வெண்டலுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு லவோன் எழுதுவாள். அவள் எழுதினால் ஒன்றுக்கு மூன்றாக எழுதுவாள். போன செவ்வாய்க்கிழமை, காருக்கு அடியில் ஓர் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிக்கொண்டு, அது மாட்டியிருப்பதே தெரியாமல், பள்ளிக்கூட மைதானத்திலிருந்து வீடு வரை ஒன்பது மைல் ஓட்டி வந்தேன். கடைத்தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். பெட்ரோல் பங்க்கில் இருந்தவர்கள் நாலடி ஓடிக்கூட வந்தார்கள். பாதிரியார் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். முப்பத்தோரு வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் சோறு போட்டதற்கு இன்றைக்காவது நன்றி வந்ததே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நானும் ராணி மாதிரி இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கி, ரப்பர் கருகும் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் ஊரின் அன்பு புரிந்தது.

உன் மகள் மாரிட் அப்போது என் பக்கத்தில்தான் இருந்தாள். "தெரிஞ்சிருந்தும் ஏண்டி சொல்லல?" என்றேன். "நீங்க அவ்வளவு சந்தோஷமா கைகாட்டிட்டு வந்தீங்க அத்தை, கெடுக்க மனசு வரல" என்றாள். அந்தப் பெண் உனக்குத்தான் பிறந்ததா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வருகிறது.

நாலு வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியவள் இன்றைக்கு ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நீ திகைக்கலாம். காரியம் இருக்கிறது. மாரிட்டுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. அவளை என் கார் இன்சூரன்ஸில் சேர்க்கலாமா என்று ஏஜென்ட் டுவேனிடம் கேட்டேன். அவன் கணக்குப்போடும் இயந்திரத்தைத் தட்டி, அதில் வந்த தொகையை வாயால் சொல்லக் கூசி, காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். பதினாறு வயதுக்காரர்களைச் சேர்த்தாலே பிரீமியம் எகிறுமாம். அதற்கு மேல் என் பேரில் ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதாம். அது யார் போட்ட கோடு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வழி இருக்கிறது என்றான். பள்ளியில் கோடை விடுமுறையில் நடக்கும் பாதுகாப்பு ஓட்டுநர் வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பள்ளி மதிப்பெண் நன்றாக இருந்தால் இன்னொரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் என்னால் கட்ட முடியும். இல்லாவிட்டால் முடியாது. அதனால் சேர்த்துவிட்டேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, முதல் வாரம் வீட்டுப் பெரியவர்களும் வந்து கூம்புகளுக்கு நடுவே ஓட்டிக் காட்ட வேண்டுமாம், பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சையும் எழுத வேண்டுமாம். இருபத்தைந்துக்கு மாரிட் இருபத்தைந்து. நான் பதின்மூன்று. நான்கு பக்கமும் நின்று போகும் சந்திப்பில் யார் முதலில் போக வேண்டும் என்று ஒரு கேள்வி. 'மற்ற மூன்று பேரும்' என்று எழுதினேன். இந்த ஊரில் அப்படித்தானே செய்கிறோம், நீங்க போங்க, இல்லை நீங்க போங்க என்று கைகாட்டிக்கொண்டே கால் மணி நேரம் நிற்போமே. அது தப்பாம். வாத்தியார் ஆஸ்ட்பி, என் கையால் ஆறு வருடம் உருளைக்கிழங்கு தின்றவன், என் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டான்.

இவ்வளவும் எதற்கு என்றால், உனக்காக. உன் கப்பல் இரும்புத் தாது ஏற்ற டூ ஹார்பர்ஸ் துறைமுகத்துக்கு வரும் நாளில் தானே எழுபது மைல் ஓட்டிக்கொண்டு வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் தவம் இருக்கிறாள். தூண்டில் புழு விற்கும் கடையில் சனிக்கிழமை வேலை செய்து பெட்ரோலுக்குக் காசு சேர்க்கிறாள். அவள் அம்மாவிடமிருந்து பிறந்தநாள் அட்டை வந்தது. பீனிக்ஸில் அந்த நீச்சல்குள வியாபாரியோடு சௌக்கியமாம். ஆக, ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பெண்ணுக்கு அப்பா என்று பெயர், கப்பல் என்று முகவரி. அவ்வளவுதான்.

நான் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். காரணம் உனக்குத் தெரியும். பதினோரு வருடம் காசு சேர்த்து வாங்கிய வான நீல ப்யூக் கார். ரொட்டி வாங்கி வருகிறேன் என்று எடுத்துப் போனாய். நாலு வருடத்துக்கு முன், மார்ச் 22 அன்று, புத்தி இருக்கிறவன் நாயைக்கூட ஏரிப் பனிக்கட்டி மேல் விடமாட்டான், நீ என் ப்யூக்கை விட்டாய், அது பனி உடைந்து உள்ளே போயிற்று. ஊர்ச் சங்கம் வருடாவருடம் ஓட்டை உடைசல் கார் ஒன்றை ஏரி நடுவில் நிறுத்தி, எந்தத் தேதியில் அது உள்ளே இறங்கும் என்று பந்தயச் சீட்டு விற்கிறதே, அந்தக் கார்கூட அந்த வருடம் ஏப்ரல் ஒன்பது வரை கால் நனையாமல் நின்றது. மாதா கோயிலில் ஆளாளுக்கு, "ஆர்லிஸ், உங்க காருக்கு யாரும் சீட்டு வாங்கலையேம்மா" என்றார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இதோடு இருக்கும் இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டும். போட்டு அனுப்பு.

உறவுமுறைக்கு மட்டும் உன் அக்கா,
ஆர்லிஸ்


ஹார்லன் பிரைஸ் கப்பல், ஈரி ஏரி
21 ஜூன் 1996

அன்புள்ள அக்கா,

டெட்ராய்ட் தாண்டும்போது தபால் படகு பக்கத்தில் வந்தது. வாளியைக் கயிற்றில் இறக்கித் தூக்கினோம். மற்றவர்களுக்கு மின்சாரக் கட்டணச் சீட்டு, எனக்கு உன் கடிதம். அடுப்பங்கரையில் நின்றபடியே படித்தேன். இருபத்தாறு பேருக்கான உருளைக்கிழங்கு கருகிவிட்டது. ஏன் என்று கேட்ட கேப்டனிடம் கூம்பு விஷயத்தைச் சொன்னேன். மன்னித்துவிட்டார். இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பிவிடலாம் என்று பார்த்தேன். ஏழாவது கேள்வியை மட்டும் விண்ணப்பிப்பவர் தன் கையால் நிரப்ப வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதனால் விட்டுவிட்டேன். மாரிட் அதைப் பார்த்தாளா? பார்த்துவிட்டு ஏதாவது சொன்னாளா? சும்மா கேட்கிறேன்.

அவளுக்கு என் பங்குக்கு இரண்டு வார்த்தை. வண்டியில் ஏறினால் முதல் வேலை இருக்கையைச் சரிசெய்வது. நான் ஏறினால் அதைக் கடைசி வரை பின்னால் தள்ளுவேன், இல்லாவிட்டால் முழங்கால் தாடையில் இடிக்கும். அவளுக்கு அது வேண்டாம். அவசரப்பட வேண்டாம். கப்பல் காத்திருக்கும். காத்திருக்காது, ஆனால் அவளிடம் அப்படிச் சொல்.

ப்யூக்குக்கு நான் கேட்ட மன்னிப்பை எண்ணினால் ஒரு தாதுக் கப்பல் நிறையும். இன்னொரு முறையும் கேட்கிறேன். இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே, உன்னை எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11 ஞாயிற்றுக்கிழமை டூ ஹார்பர்ஸில் இருப்போம் என்கிறார்கள். எட்டு மணி நேரம் ஏற்றுவார்கள். கரையில் ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கும்.

நீ எழுதியது எனக்கு எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. சமையல்காரன்தானே.

வெண்டல்


ஆல்டர் லேக்
3 ஜூலை 1996

வெண்டலுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பென்சிலால் தேய்த்தும் பார்த்தேன். அடிப்பதில் மட்டும் கெட்டிக்காரனாகிவிட்டாய்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. பள்ளியில் ஆறு மணி நேரம் போக, வீட்டுப் பெரியவரோடு முப்பது மணி நேரம் ஓட்டி, நாள் வாரியாக எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெரியவர் நான். என் காரில் நான் உட்காரும் வலப்பக்கத் தரைவிரிப்பில் ஓட்டை விழுந்துவிட்டது. இல்லாத பிரேக்கை நான் அவ்வளவு அழுத்தியிருக்கிறேன். முதல் நாள் மாரிட் ஏறியதும் இருக்கையை நகர்த்தினாள், மூன்று கண்ணாடியையும் திருப்பினாள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, உங்க பெல்ட்" என்றாள். கோயிலுக்குப் போகிற தூரத்துக்கு எதற்கு என்றேன். அவள் சாவியைத் திருப்பவே இல்லை. இருவரும் வாசலில் உட்கார்ந்தே இருந்தோம். லவோன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது மாதிரி வெளியே வந்து, அதே செடிக்கு மூன்று முறை விட்டாள். கடைசியில் மாட்டிக்கொண்டேன்.

ஓட்டுகிறாள் பார், அப்படி ஓட்டுகிறாள். நான் கத்துவதற்கு என்று சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் வீணாகிவிட்டது. குறுக்கே மான் வந்தது. ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிரேக் போட்டு நிறுத்தினாள். சரளைக்கல் ரோட்டில் பின்சக்கரம் வழுக்கியது. வழுக்கின பக்கமே மெதுவாகத் திருப்பி நேராக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மாதா பேரைச் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். "புத்தகத்துல இருக்கு அத்தை" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள். நானும் அந்தப் புத்தகத்தைப் படித்தவள்தான், பதின்மூன்று மதிப்பெண்ணுக்காவது. அதில் இப்படி ஒரு பக்கம் இருந்ததாக நினைவில்லை. என்னவோ, பிறவிக் கைவாகு என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்ட்பி வாத்தியார் வாயாரப் புகழ்கிறான். மதிப்பெண் சீட்டும் வந்துவிட்டது, கணக்கில் மட்டும் கொஞ்சம் கம்மி, அது நம் குடும்பச் சொத்து. சான்றிதழ் அடுத்த வாரம் கைக்கு வந்துவிடும். பிறகென்ன என்று கேட்பாய்.

அந்த ஏழாவது கேள்விதான். 'விண்ணப்பிப்பவர் ஓட்டும்போது வாகனம் விபத்துக்குள்ளானது உண்டா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கீழே பொடி எழுத்தில் என்னென்னவோ. பால் குடிக்கிற பிள்ளைகூட 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போகும். உன் மகள் ஒன்பது நாளாக அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. விண்ணப்பம் ஃப்ரிட்ஜ் கதவில், மீன் வடிவக் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது. காலையில் பால் எடுக்கப் போகிறவள் அதைப் பார்த்துவிட்டுப் பால் எடுக்காமலே வந்துவிடுகிறாள். ஏன் நிரப்பவில்லை என்று கேட்டால், "போடறேன் அத்தை" என்று போய்க் காரைக் கழுவுகிறாள். அந்தக் காரை இனிமேல் கழுவினால் பெயின்ட் போய்விடும்.

ஜூலை 20க்குள் டுவேன் மேஜையில் அது இருக்க வேண்டும். தாண்டினால் இந்த வருடத் தள்ளுபடி கிடையாது. தள்ளுபடி இல்லாவிட்டால் அவளைச் சேர்க்க என்னால் முடியாது. சேர்க்காவிட்டால் ஆகஸ்ட் 11 அன்று அவள் ஓட்டிக்கொண்டு வர முடியாது. பஸ் என்று ஒன்று இந்தப் பக்கம் எப்போது வந்தது என்று ஊரில் மூத்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

பொய் சொல்ல வராத பிள்ளை ஒன்று, இல்லை என்று ஒரு டிக் அடிக்க ஏன் இப்படித் தவிக்கிறது? உனக்கு ஏதாவது தெரியுமா? சும்மா கேட்கிறேன்.

ஆர்லிஸ்


ஹார்லன் பிரைஸ், ஹ்யூரன் ஏரி
12 ஜூலை 1996

அக்கா,

உன் கடிதம் நேற்று வாளியில் வந்தது. மூன்று முறை எழுதத் தொடங்கிக் கிழித்தேன். இது நாலாவது. எழுத்துக் கோணலாக இருந்தால் கப்பல் ஆடுகிறது என்று வைத்துக்கொள், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனாலும்.

ப்யூக்கை நான் ஓட்டவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க, கப்பல் நின்றிருந்த மூன்று மாதமும், மாரிட்டுக்கு உறைந்த ஏரி மேல் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எட்டு ஒன்பது மாதம் வீட்டில் இல்லாத அப்பன் பிள்ளைக்கு என்ன கொடுக்க முடியும் என்று யோசித்தால், எனக்குத் தெரிந்தது அப்பம் சுடுவதும் வண்டி ஓட்டுவதும்தான். அப்பத்தில் அவளுக்கு விருப்பமில்லை. ஏரியில் மரம் கிடையாது, கம்பம் கிடையாது, போலீஸ் கிடையாது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எது? என் பழைய டிரக்கில்தான் ஓட்டினாள். வழுக்கினால் எந்தப் பக்கம் திருப்புவது, பிரேக்கை எப்படித் தொட்டுத் தொட்டு விடுவது, எல்லாம் அங்கே கற்றதுதான். புத்தகத்தில் இல்லை என்று நீ கண்டுபிடித்தாய். உனக்குப் பதின்மூன்று குறைவுதான்.

அன்றைக்கு டிரக் கிளம்பவில்லை. உன்னிடம் ரொட்டி என்று சொல்லி ப்யூக்கை எடுத்தேன். சீசனுக்குக் கடைசி நாள், பனி மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசையைக் கரைக்கு இழுக்க வேண்டும். நான் இறங்கிக் குடிசைக்கு அடியில் உறைந்த கட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு இங்கேயே வா என்று அவளிடம் சொன்னேன். எந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லவில்லை. ஓடை வந்து கலக்கிற இடத்தில் பனி மெல்லிசு என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுக்கு எப்படித் தெரியும்?

சத்தமே இல்லை, அக்கா. முன்சக்கரம் முதலில், பிறகு மெதுவாக மற்றது. கரைப் பக்கம், மார்பளவு தண்ணீர்தான். ஜன்னல் வழியாக அவளை இழுத்தேன். அழவில்லை. "அத்தை கார், அப்பா" என்று மட்டும் சொன்னாள், அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என் கோட்டைப் போர்த்தி, நீ கோயிலிலிருந்து வருவதற்குள் வீட்டுக்கு ஓடி உடுப்பு மாற்றிக்கொள் என்றேன். நான்தான் ஓட்டினேன் என்று எல்லோரிடமும் சொல்லப்போகிறேன், நீ வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். லைசென்ஸ் இல்லாத பிள்ளை ஓட்டியது தெரிந்தால் இன்சூரன்ஸ்காரன் உனக்கு ஒரு காசு தரமாட்டான். அதைவிட, அந்தக் கார் போனதற்கு உன் முகம் அவளைப் பார்த்து மாறிவிடுமோ என்று பயந்தேன். என்னைப் பார்த்து மாறட்டும். எனக்குப் பழக்கம்.

இப்போது பார், அந்தச் சத்தியம் அவள் கழுத்தைப் பிடித்திருக்கிறது. ஆம் என்று போட்டால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இல்லை என்று போட்டால் பொய்.

அவளிடம் சொல், அப்பா விடுவித்துவிட்டார் என்று. உண்மையைப் போடட்டும். பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் என் படகு மோட்டாரை விற்று அனுப்புகிறேன். ஆகஸ்டில் வர முடியாவிட்டால் பரவாயில்லை. டிசம்பர் தூரமில்லை.

அவளைத் திட்டாதே. மீதியை எனக்கு வை.

வெண்டல்


ஆல்டர் லேக்
19 ஜூலை 1996

வெண்டலுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு நாள் தாமதம். உன் வாழ்க்கை மாதிரி.

செவ்வாய்க்கிழமை உன் மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஃப்ரிட்ஜிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, சைக்கிள் மிதித்து டுவேன் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். போய் நின்று, முதலிலிருந்து கடைசிவரை, ஏரி, ஓடை, ப்யூக், சத்தியம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கணும் என்று கேட்டிருக்கிறாள். அப்பாவை ஜெயிலில் போடுவார்களா என்றும் கேட்டிருக்கிறாள்.

டுவேனைத் தெரியுமே, ஒரு பன்னைத் தின்னவே அவனுக்கு அரை மணி வேண்டும். முழுக்கக் கேட்டானாம். பிறகு பேனாவால் கேள்விக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைத் தட்டிக் காட்டினானாம்.

"கடந்த மூணு வருஷத்துக்குள்ளன்னு போட்டிருக்கும்மா. உனக்கு நாலு ஆச்சு."

இவள் விடவில்லை. பழைய விஷயத்தையும் எழுதித் தரட்டுமா, அது பொய்யாகத்தானே எழுதியிருக்கிறது என்றிருக்கிறாள். அவன் சுவரோரத்து அலமாரியைக் காட்டி, "அந்த ஃபைல் அதுக்குள்ள இருக்கு. மேல என் பொண்டாட்டி பூந்தொட்டி வெச்சிருக்கா. அதை இறக்கி வெச்சா எனக்கு வீட்டுல சோறு கிடையாது. ஏரி காரைத் திருப்பிக் குடுத்துடுச்சு, உன்னையும் திருப்பிக் குடுத்துடுச்சு. இல்லைன்னு போட்டுட்டுப் போ" என்றானாம்.

போட்டுவிட்டு வந்தாள். வந்து, சாப்பாட்டு மேஜையில் என் எதிரே உட்கார்ந்து, எனக்கும் எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் நாலு வருடம் அழாததைச் சேர்த்து அழுதாள். என் நிலைமையைக் கேட்கிறாயா? கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. உன் மேல் வந்த கோபத்தில் அந்த நிமிடம் நீ கையில் கிடைத்திருந்தால் உன்னையே அப்பம் சுட்டிருப்பேன். பிள்ளைக்கு முன்னால் காட்டவில்லை. முட்டை பொரித்துக் கொடுத்தேன். மூன்று தின்றாள், மூன்று வாரமாக ஒழுங்காகத் தின்னாதவள். பிறகு பால் எடுக்கப் போனாள். எடுத்துக்கொண்டும் வந்தாள்.

தள்ளுபடி வந்துவிட்டது. சான்றிதழுக்கு ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஒன்று. இரண்டும் சேர்த்து வருடத்துக்கு நூற்றுப் பதினாலு டாலர் மிச்சம். இதில் பள்ளிக்கூடத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த புதுக் கூம்புக்குப் பதினெட்டு போகிறது. பழைய கூம்பு என் வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் பரீட்சை 30ஆம் தேதி.

படகு மோட்டாரை விற்காதே. அந்த மோட்டாரைக் காசு கொடுத்து வாங்குகிறவன் இந்த மாவட்டத்திலேயே நீ ஒருவன்தான்.

ஆகஸ்ட் 11 அன்று அவள் வருவாள். பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று ஆஸ்ட்பி சொல்கிறான், புது ஓட்டுநர், முதல் நெடும்பயணம். யார் கிடைப்பார்கள் என்று பார்க்கிறேன். லவோன் தயாராக இருக்கிறாள். அதைவிட நானே வந்துவிடலாம்.

புளூபெர்ரி பை செய்து வை. அடியில் வேகாமல் விடாதே.

ஆர்லிஸ்


ஹார்லன் பிரைஸ், சுப்பீரியர் ஏரி
13 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்கா,

ஏற்றுத்தளத்து வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெரிய டிரக்குகளுக்கு நடுவே, பின்பக்கமாக, ஒரே தடவையில் கொண்டுவந்து நிறுத்தினாள். என் பக்கத்தில் நின்ற எஞ்சின் அறைக்காரன், முப்பது வருடம் கப்பலில் இருப்பவன், "யாருய்யா அது, அளந்து வெச்ச மாதிரி?" என்றான். என் மகள் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இடங்களிலேயே அதுதான் நல்ல இடம்.

கார் நின்ற பிறகும் நீ ஒரு நிமிடம் காலை அழுத்தியபடி இருந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை.

அவள் பரிசாகக் கொடுத்த கூம்பை அடுப்பங்கரை வாசலில் வைத்திருக்கிறேன். தரை ஈரமாக இருந்தால் அதை நடுவில் வைக்கிறோம். கேப்டன் தினமும் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். என் கடிதத்தைப் படித்தவள் நீ. அவ்வளவு கோபம் என்று எழுதினாய். நேரில் ஒரு மணி நேரம் இருந்தாய், பை இரண்டு துண்டு தின்றாய், அடி நன்றாக வெந்திருக்கிறது என்றுகூடச் சொன்னாய், ப்யூக் என்ற வார்த்தையே உன் வாயில் வரவில்லை. எனக்கு அது திட்டுவதைவிடப் பயமாக இருக்கிறது. கோபம் போய்விட்டதா, இல்லை டிசம்பருக்கு எடுத்து வைத்திருக்கிறாயா? ஒரு வரி எழுது.

வெண்டல்


ஆல்டர் லேக்
20 ஆகஸ்ட் 1996

தம்பி,

ஒரு வரி கேட்டாய். நான் ஒரு வரியில் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை, ஆனாலும் சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். தளத்தில் சொல்லியிருப்பேன், மாரிட் பக்கத்தில் இருந்தாள்.

அவள் இப்போது என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுகிறாள். நான்கு பக்கச் சந்திப்பில் முறைப்படி நின்று, முறைப்படி போகிறாள். நீங்க போங்க என்று கைகாட்டுகிற பாதிரியாரைப் பார்த்து, உங்க முறைதான் ஃபாதர் என்று ஜன்னலைத் திறந்து சொல்கிறாள். ஊரில் போக்குவரத்து வேகமாகிவிட்டது. எல்லோருக்கும் கொஞ்சம் வருத்தம்.

போன மாதம் கரண்டி விழுந்தது என்று எழுதினேனே. விழவில்லை.

ப்யூக் ஏரிக்குள் போன அன்றைக்கு இழுவை வண்டிக்காரன் அதைத் தூக்கி வந்து என் வாசலில் விட்டுப் போனான். நீ உள்ளே கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கணப்பு முன் காலை நீட்டி, எப்படி நீ ஓட்டினாய், எப்படி உள்ளே இறங்கியது என்று லவோனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய். நான் என் காருக்குத் துக்கம் விசாரிக்க வெளியே போனேன். ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. இருக்கையைப் பார்த்தேன். அது ஸ்டியரிங்கை முட்டுகிற அளவுக்கு, கடைசி வரை முன்னால் இழுத்திருந்தது. அதன் மேல் என் சோபாவின் பச்சைத் திண்டு. நீ ஆறடி மூன்று அங்குலம். அந்த இருக்கையில் நீ உட்கார வேண்டுமென்றால் இரண்டு காலையும் கழற்றி டிக்கியில் போட்டிருக்க வேண்டும்.

கார் போனதற்கு எனக்குக் கோபமில்லை. நீயாக வந்து சொல்வாய் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் சொல்வாய் என்று பார்த்தேன். ஈஸ்டருக்குள் சொல்வாய் என்று பார்த்தேன். பிறகு நீ கப்பலேறிவிட்டாய், கோபம் வீட்டுப் பூனை மாதிரி ஆகிவிட்டது. தினமும் கொஞ்சம் பால் வைத்தால் போதும், அதுபாட்டுக்குக் கிடந்தது.

திண்டைப் பிழிந்து அடுப்போரம் காயப்போட்டேன். டுவேன் மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காரைப் பார்க்க வந்தான். அதற்குள் அந்த இருக்கையைக் காலால் உதைத்து, கடைசி வரை பின்னால் தள்ளி வைத்தது நான்.

உன் அக்கா,
ஆர்லிஸ்